பஸ்ஸில் வந்த சுறா

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

பெங்களூரில் ஹெப்பகோடிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இன்னும் எனக்குப் பழகாதது இந்த ஊர் மீன்கடை. இங்கே மீன் துண்டு துண்டாகத்தான் கிடக்கும். தலையும் இல்லை, தோலும் இல்லை. என்ன மீன் என்று கேட்டால் கடைக்காரர் விலையைச் சொல்கிறார். கடலூர்ப் பக்கம் மீனவக் குப்பத்தில் பிறந்தவளுக்கு முகம் தெரியாத மீனை வாங்க மனசு வருமா? அதனால், படகில் போகும் என் தம்பி ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, சுறாவை அடுக்கி, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுவான். சனிக்கிழமை விடிகாலையில் ஓசூர் ரோட்டில் நின்று வாங்கிக்கொள்வேன்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவும், நோயில் கிடந்தவருக்கு உடம்பு தேறவும் சுறாப்புட்டுதான். வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் வெங்காயமும் நிறையப் போட்டு வதக்குவோம். இரண்டு வருடத்துக்கு முன்பு, லேத் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு வலது கை துவண்டது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வேலை அசதி என்றுதான் நினைத்தோம். தம்பியிடம் சொன்னதும் பெட்டி பெரிதானது. “மாமாவுக்குப் பெருசாப் பாத்து அனுப்பறேன்க்கா. ரெண்டே மாசம், லேத்து மிஷினயே தோள்ல தூக்கினு வருவாரு பாரு” என்றான். “பிள்ள பெத்தவளுக்குப் போடறத எனக்குப் போடுறியே, எனக்கு என்னடி பாலா சுரக்கணும்?” என்று இவர் சிரித்தார். அப்போது பேச்சு தெளிவாக இருந்தது. கை தேறவில்லை. பிறகு கால் பின்னியது, நாக்கு குழறியது. வாரம் ஒரு தடவை செய்துகொண்டிருந்த புட்டை நான் இரண்டு தடவை ஆக்கினேன்.

போன மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர், தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாதாம். பிறகு என் பக்கம் திரும்பி, “மீன் தின்தாராம்மா? வாரக்கெ எஷ்டு சல?” என்றார். வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேட்கிறார். கார்மென்ட்ஸ் வேலைக்கு ஓடுகிறவள், புருஷனுக்குச் சத்தாக எதுவும் போடுவதில்லை என்று நினைக்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது.

“மூணு தடவ சார். நல்ல பெரிய சுறா. ஊர்லேருந்து வரவைக்கிறேன்” என்றேன். உண்மையில் இரண்டுதான். கௌரவத்துக்காக ஒன்றைக் கூட்டினேன்.

அவர் அதை ஃபைலில் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார். “பெரிய மீனு பேடம்மா, வேண்டாம். கடல்ல பாதரசம் கலக்குது. சின்ன மீன் தின்னும், அதைப் பெரிய மீன் தின்னும். எல்லா அதுல சேந்துடும். நரம்புக்கு விஷ.”

“அதனாலதான் வந்துச்சா சார்?”

“கொத்தில்லம்மா. யாருக்கும் தெரியாது. ஃபேக்டரியில இருந்து வந்திருக்கலாம். காரணமே இல்லாமக்கூட வரும்.”

“நிறுத்திட்டா கை வந்துருமா?”

“இல்லம்மா.”

‘மூன்று’ என்பது இன்னும் அந்த ஃபைலில் இருக்கிறது. திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் எது என்று டாக்டருக்கே தெரியாதபோது, ஊட்டிய கை எனக்கு மட்டும் தெரிகிறது.

ஆசையாக அனுப்பியது விஷம் என்று தம்பியிடம் எப்படிச் சொல்வது? அடுத்த மூன்று வாரமும் பெட்டியை வாங்கி, ரோட்டோரக் குப்பையில் கொட்டினேன். எங்கள் கரையில் இப்படிச் செய்திருந்தால் ஊரே கூடிக் காறித் துப்பியிருக்கும். இங்கே ஒரு நாய்தான் திரும்பிப் பார்த்தது.

நான்காவது சனிக்கிழமை, நான் பெட்டி வாங்கக் கிளம்பும் முன்பே இவர் கேட்டார். இப்போது இவர் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும்.

“வர்ற பொட்டியெல்லாம் எங்க?”

“டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டீங்கல்ல?”

“நிறுத்தினா எழுந்து நடப்பனா?”

நான் இவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தேன்.

“அப்ப செய்டி. முழுங்க முடியறப்பவே தின்னுக்கறேன்.”

அன்று வந்த பெட்டியைக் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை செய்தேன். கையால் ஊட்டினேன். புரையேறிப் புரையேறி அரைச் சட்டி சாப்பிட்டார். எப்போதும்போல மீதியை நான் வாயில் வைக்கப் போனேன். இன்னும் அசைகிற இடது கையால் சட்டியைத் தள்ளினார்.

“நீ தின்னாத. நீ இந்த ஊர்க்காரியா ஆயிடு.”

சட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அதை என்னால் தின்னவும் முடியவில்லை, எடுத்துப்போய்க் கொட்டவும் முடியவில்லை. கையில் ஒட்டியிருந்த பூண்டு வாசனையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோது தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “நாங்க தெனமும் அதத்தானே திங்கறோம் யக்கா? பசங்களுக்கும் அதானே?” என்றான். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.