யாருக்கும் வராதும்மா என்றேன்

மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் பெண் அவர். ஐம்பது வயதிருக்கும். நாள் முழுக்க அடுப்பின் முன் நின்று நின்று, இடது காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. பேசும்போதெல்லாம் குனிந்து அவற்றைத் தடவிக்கொள்வார்.

செங்கல்பட்டில் நான் நர்ஸாக இருந்த மருத்துவமனைக்கு அந்தக் காலுக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வந்திருந்தார். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது என் வேலை.

"கண்ணாடி எடுத்தாரல. நீ படி, கேட்டுக்கினு போடுறேன்" என்றார்.

கால் மரத்துப்போகலாம் என்ற வரி வந்ததும் என்னை நிறுத்தினார்.

"மரத்துப் பூடுமா? ஆபரேசன் இல்லாம வேற இன்னா வழி கீது?"

வேறு வழிகள் இருந்தன. டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவரை அனுப்பச் சொல்லி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

"அதெல்லாம் யாருக்கும் வராதும்மா, போடுங்க" என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போட்டார்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். புடைப்பும் வலியும் போயிருந்தன. டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"கணுக்காலாண்ட உணர்ச்சியே இல்ல பாப்பா. அலை வந்தா ஒரு காலுக்குத்தான் தெரியுது."

"மன்னிச்சிடுங்கம்மா."

"நீ வரும்னு சொல்லியிருந்தாலும் போட்டுதான் இருப்பேன். வலி அப்படி. ஆனா கேட்டதுக்கு பதில் சொல்லியிருக்கலாம்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

நிஜமாகவே போட்டிருப்பாரா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா என்று இன்றும் யோசிக்கிறேன். அன்று என்ன முடிவு எடுத்திருப்பார் என்பது இனி அவருக்கும் தெரியப்போவதில்லை.