தென்னேரிக் காட்டில் ஒரு பகல்

சித்திரை மாதம், காலை ஆறு மணிக்குச் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஜட்கா வண்டியில் புறப்பட்டேன். தென்னேரி ஏறக்குறைய பத்து மைல். வாடகை ஒன்றேகால் ரூபாய். ஏரிக்கு அப்பாலுள்ள புதர்க்காட்டைச் சர்க்கார் ஊர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பில் விட்டுச் சில வருஷங்களாகின்றன. ஜனங்கள் அதை எப்படிப் பேணுகிறார்கள் என்று நேரில் பார்க்க எனக்கு ஆவல்.

வண்டிக்காரர் காதர் பாய்க்கு அந்த ஆவல் இல்லை. ஐயம்பேட்டையைத் தாண்டும்போதே, "காடாம் காடு! மொட்டைப் பொதரைப் பாக்கவா சாமி இம்மாந் தூரம் வரீங்க?" என்று சிரித்தார்.

எட்டரை மணிக்கு ஊர் சேர்ந்தோம். பஞ்சாயத்துத் தலைவர் வரதப்பர் மோர் கொடுத்துவிட்டுக் காட்டுக்கு அழைத்துப் போனார். மொட்டை என்பதற்கு இடமே இல்லை. வெள்வேல், துரிஞ்சில் மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்திருந்தன. நிலமில்லாத குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுக் காட்டைக் காவலுக்கு விட்டிருக்கிறார்கள். புல்லும் சுள்ளியும் காப்பவர்களுக்கு. மரம் வெட்டும்போது பாதிப் பங்கு.

"வர்ற தையில என் துண்டு வெட்டுக்கு வருதுங்க. கூரைய மாத்தி ஓடு போடணும்" என்றாள் குப்பம்மாள். புருஷனை இழந்து இரண்டு பெண்களை வளர்ப்பவள்.

பதினொரு மணிக்கு மேற்கோரத்தில் புகை கிளம்பியது. வழிப்போக்கன் எவனோ எறிந்த பீடி என்றார்கள். ஊரே பச்சைக் கிளைகளோடு ஓடி வந்து தீயை அடித்தது. ஆனால் காற்று தீயைக் காட்டுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தது. குறுக்கே ஒரு பட்டை அகலத்துக்கு மரங்களை வெட்டித் தரையைச் சுத்தமாக்கினால்தான் மீதிக் காடு தப்பும். காடு ஒடுங்கியிருந்த இடம் குப்பம்மாளின் துண்டு. வரதப்பர் அவளைப் பார்த்தார்.

"என்னாபா பாத்துக்கினு நிக்கிறீங்க? வெட்டுங்க!" என்று கத்தியவள், முதல் மரத்தில் தானே கொடுவாளை வீசினாள்.

காதர் பாய் குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்து, அதன் கண்களைத் துணியால் கட்டி, வெட்டிய மரங்களைக் கயிறு போட்டுத் தீயின் பக்கமாகவே இழுத்துப் போட்டார்; அப்பால் கொண்டு போக நேரமில்லை. நான் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு காய்ந்த புல்லைப் பிடுங்கினேன். உள்ளங்கை கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. தீ அந்த மரங்களையும் தின்றுவிட்டு வெறுந்தரை வரை வந்து, அங்கேயே படுத்துவிட்டது.

மூன்று மணிக்கு எல்லோரும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். குப்பம்மாள் கரி அப்பிய கைகளை மடியில் வைத்தபடி தன் துண்டு இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரதப்பர் எழுந்தார்.

"அவ துண்டு போனதாலதான் நம்ம துண்டு நிக்குது. ஆளுக்கு ஒரு வரிசை மரம் அவளுக்கு வுடணும். சம்மதமாபா?"

"இதுக்குக் கேக்கணுமா?" என்று பல குரல்கள் எழுந்தன. அப்போதுதான் குப்பம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓடு போட்டன்னிக்கு அத்தினி பேரும் சாப்பிட வரணும். குதிரைக்காரரும்தான்" என்றாள்.

மாலையில் திரும்பும்போது எங்கள் தெருவின் நினைவு வந்தது. பொதுக் கிணற்றின் சுவர் இடிந்து கிடக்கிறது. யாராவது பார்ப்பார்கள் என்று படித்தவர்களான நாங்கள் அத்தனை பேரும் காத்திருக்கிறோம். மறுநாள் காலை கொத்தனாரோடு போய்ச் சரிந்த செங்கற்களை எடுக்கக் குனிந்தேன். எதிர்வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து பார்த்தார். பிறகு பஞ்சகச்சத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார்.