கதையில் இல்லாதவை

சாம்பியாவின் கிழக்கில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோவிலுக்குள் சிரித்துச் சிரித்து வயிறு நொந்த நேரத்தில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது.

எங்கள் குழு அங்கே சபைத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. சாம்பியா, மலாவி, மொசாம்பிக் என்று பல இடங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். பாதிப்பேர் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள். வேதாகமக் கதைகளைப் புத்தகம் இல்லாமல் வாயால் சொல்லப் பழக்குவதுதான் எங்கள் வேலை. ஒருவர் கதையைச் சொல்வார். கேட்டவர்களில் ஒருவர் எழுந்து அதையே திரும்பச் சொல்வார். பிறகு சபையைப் பார்த்துக் கேட்போம்: எதைக் கூட்டினார், எதை விட்டார்? கூட்டவும் கூடாது, விடவும் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

தலைமைப் பயிற்சியாளர் மலாவிக்காரப் பெண்மணி. பொறி வைப்பதில் கெட்டிக்காரி. கடலில் புயல் அடித்தபோது இயேசு படகில் தூங்கிய கதையை ஓர் இளம் போதகர் அழகாகச் சொல்லி முடித்தார். பெண்மணி மிகவும் கனிவாகக் கேட்டார்: "தலைக்கு வைத்திருந்த தலையணை என்ன நிறம்?"

"வெள்ளை," என்றார் அந்த மனிதர்.

"கதையில் இல்லை!" என்று கோவில் முழுவதும் ஒரே குரலில் கத்தியது. அவர் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த நாள் முழுவதும் அவரைத் 'தலையணை' என்றே கூப்பிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒருவர்கூட ஒரு சொல்லையும் தன் பையிலிருந்து எடுத்துப் போடவில்லை.

இதை நான் வளர்ந்த ஜெர்மனிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அந்தச் சிரிப்புக்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் அகதிகளாக வந்த பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள், என் வயதுக்காரர்கள், தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அப்பா சனிக்கிழமைகளில் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதால் நான் தப்பினேன். மற்றவர்கள் பாட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்துப் பாடுவார்கள். நாங்களும் எழுத்தறியாத சபைதானே! விமானத்தில் வரும்போதே முதல் ஆறு கதைகளையும் தெரிவுசெய்து முடித்துவிட்டேன்.

ஆஹென் நகரில் என் பல்கலைக்கழகம். அங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், ஒரு ஜெர்மன் பங்குத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கூடுவோம். முதல் ஞாயிறே வகுப்பு பற்றிக்கொண்டது. பிழை பிடிக்க எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தேவையில்லை, அனுமதிதான் தேவையாக இருந்தது. பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் துள்ளினார்கள். அதிலும் கூட்டத்தை நடத்தும் அண்ணைக்கும், அவருக்கு வலது கை போலிருந்த ஓர் அக்காவுக்கும் ஒரு சொல் தப்பாது. ஒரு பிள்ளை நோவாவின் பேழையில் மூன்று மாடி என்பதை விட்டுவிட்டது. "மேல்மாடியை வாடகைக்குக் குடுத்திட்டியோ?" என்றார் அக்கா. அந்தப் பிள்ளை பிறகு வரவில்லை.

பின்வரிசையில் ஒருவர் இருப்பார். முல்லைத்தீவிலிருந்து வந்து மூன்று வருடமிருக்கும். பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை. தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, அதை எதிர்த்து வழக்குப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தார். தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அவருக்குப் பெயரே 'கேஸ் தம்பி'. தேநீர்க் கோப்பை கைமாறும்போதுகூட "கேஸ் தம்பிக்குச் சீனி போடாதேங்கோ, அங்கை போய்க் குடிக்கட்டும்" என்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவருக்கு விசாரணை நாள் வந்தது. டெர்மின் என்று நாங்கள் சொல்வோம். பல் பிடுங்குவதற்கும் அதுதான், நாடு கடத்துவதற்கும் அதுதான். முதல் நேர்காணலில் முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னார் என்பதுதான் நிராகரிப்புக்குக் காரணம். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, பைபிள் கதைக்கு ஏலும் எண்டால் இவன்ரை கதைக்கு ஏலாதோ?"

இதை நான் யோசிக்கவே இல்லையே! அந்த ஞாயிறே தொடங்கினோம்.

அவருடைய கதை சின்னதுதான். ஒரு மத்தியானம் சிவில் உடையில் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவர் கிணற்றடி வாழைகளுக்குள் ஒளிந்துகொண்டார். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் திரும்பவில்லை. அதை எழுந்து நின்று சொன்னார். அடுத்த ஞாயிறு திரும்பச் சொன்னார். நான் வழமைபோலச் சபையைக் கேட்டேன்: எதைக் கூட்டினார், எதை விட்டார்?

"போன கிழமை மூண்டு பேர் வந்தவங்கள்," என்றார் அண்ணை. "இண்டைக்கு நாலு பேரோ? வழியிலை ஒருத்தனை ஏத்திக்கொண்டு வந்தவங்களோ?"

"நாலு பேர்தான் அண்ணை. ஒருத்தன் வாகனத்துக்குள்ளை இருந்தவன்."

"அப்ப போன கிழமை அவன் எங்கை? ரீ குடிக்கப் போனவனோ?"

மண்டபம் குலுங்கியது. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கிறாக்கள் சிரியுங்கோ. கோட்டிலை ஆரும் சிரிக்க மாட்டினம். பொய் எண்டு எழுதிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவினம். எனக்கு அப்பிடித்தான் முதல் தரம் நடந்தது. எனக்கு அண்டைக்கு இப்பிடி இருத்திவைச்சுப் பழக்க ஒரு நாய் இல்லை." பிறகு தம்பியைப் பார்த்தார். "மூண்டோ, நாலோ?"

"நாலு."

"இனிச் சாகும்வரைக்கும் நாலு."

அண்ணனைக் கொண்டுபோகும் கட்டம்தான் ஒரே மாதிரி நிற்க மறுத்தது. வாழைப் பக்கம் திரும்பி 'அம்மாவைப் பார்' என்று அண்ணன் சொன்னதாக ஒரு கிழமை சொல்வார். அடுத்த கிழமை, 'ஓடு' என்று சொன்னதாகச் சொல்வார்.

"டேய், எது?" என்றார் அக்கா.

"ரெண்டும் கேட்ட மாதிரித்தான் கிடக்கு அக்கா."

"மாதிரி எண்டு கோட்டிலை சொல்லுவியோ? ஓடு எண்டு கத்தினால் அவங்கள் உன்னையும் எல்லோ பிடிச்சிருப்பாங்கள். உன்ரை அண்ணனுக்கு அறிவில்லையோ?"

அவர் அழத் தொடங்கினார். அழுதால் வசனம் மாறுகிறது என்று அக்கா ஏற்கனவே கண்டுபிடித்திருந்தார். "அழுறதை வீட்டை போய்ச் செய். அந்த வசனத்தை வெட்டு. கொண்ணை ஒண்டும் சொல்லேல்லை. சரியோ?"

"சரி அக்கா."

வெட்டியதும் கதை நன்றாக ஓடியது, சும்மா சொல்லக்கூடாது. விசாரணைக்கு முந்திய ஞாயிறு எந்த இடத்திலும் தடக்காமல், ரயில் நிலையத்து அறிவிப்புப் போலச் சொல்லி முடித்தார். பொறிக் கேள்விகளையும் போட்டோம். வந்தவனின் சப்பாத்து என்ன நிறம்? கிணற்றில் தண்ணீர் எவ்வளவு? "கதையிலை இல்லை!" என்று அவர் பட்டென்று சொல்ல, மண்டபம் கைதட்டியது. சாம்பியாவில்கூட நான் இவ்வளவு சுத்தமான ஒரு சொல்லலைக் கேட்டதில்லை.

விசாரணையை யாரும் போய் இருந்து பார்க்கலாம் என்று வழக்கறிஞர் சொன்னதால் அக்காவும் நானும் போனோம். சின்ன அறை. நீதிபதி ஒரு பெண். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கேட்பதைக் கேட்டுவிட்டு, பதிலைச் சுருக்கி ஒரு சின்னக் கருவிக்குள் பேசிப் பதிவு செய்வார். மொழிபெயர்ப்பாளர் இந்தியத் தமிழர், வயதானவர். நாங்கள் கடைசிக் கதிரைகளில் இருந்தோம்.

அவர் சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் விடவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால், அக்காவின் உதடுகளும் அவரோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. எனக்கு முன்னமே நீதிபதி அதைப் பார்த்துவிட்டார்.

"நன்றி," என்றார் நீதிபதி. "அன்று வெயிலா, மழையா?"

மொழிபெயர்ப்பாளர் கேட்டார். இவர் உடனே நிமிர்ந்தார். "கதையிலை இல்லை."

"என்னப்பா சொல்றீங்க?"

"அது கதையிலை இல்லை ஐயா."

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே ஜெர்மனில் சொன்னார். நீதிபதி கருவிக்குள் எதுவும் பேசவில்லை. அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டார். "உங்கள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் ஏதாவது சொன்னாரா?"

இந்த முறை இவர் எதையோ தேடுவதுபோல மேசையைப் பார்த்தார். பிறகு மாணவன்போல நேராக நின்று, "கதையிலை இல்லை" என்றார்.

"எந்தக் கதையில்?" என்றார் நீதிபதி.

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

வழக்கறிஞர் இடைவேளை கேட்டார். திரும்பி வந்ததும் நீதிபதி விசாரணையை ஒத்திவைத்தார். இன்னொரு நாள் தருவதாகவும், அன்றைக்கு இவரைக் கேட்க விரும்புவதாகவும் சொன்னார். 'இவரை' என்ற சொல்லில் நின்று, கடைசிக் கதிரைகளை ஒருமுறை பார்த்தார்.

நடைக்கூடத்தில் வழக்கறிஞர் முகம் சிவந்து நின்றார். "யார் இதை இவருக்குப் பழக்கியது?"

அக்கா என் தோளில் கை வைத்தார். "இந்தப் பிள்ளைதான். படிச்ச பிள்ளை. ஆபிரிக்காவுக்கெல்லாம் போய்ப் பழக்கிறவ."

பஸ் தரிப்பில் தம்பியும் நானும் தனியே நின்றோம். அவர் கோபப்படுவார், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை.

"அந்த நீதிபதி கேக்கேக்கை தேடிப் பாத்தனான்," என்றார். "முந்தி ரெண்டு சத்தம் கேக்கும். அம்மாவைப் பார் எண்டும் கேக்கும், ஓடு எண்டும் கேக்கும். இப்ப ஒண்டும் கேக்கேல்லை. அண்ணா வாயை மூடிக்கொண்டுதான் போறார்."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை, நடந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவருடைய கதிரை காலி. அண்ணை தீர்ப்புச் சொன்னார்: "கதை சரி. ஆள்தான் பிழை. வேறை ஒருத்தன் எண்டால் வெண்டிருப்பான்." அடுத்த வழக்குக்காரர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வரும்படி அக்கா எல்லோருக்கும் சொன்னார். தேநீர் கொடுத்தார்கள், ஒரு கோப்பை மிஞ்சியது, "அது கேஸ் தம்பியின்ரை" என்று யாரோ சொல்ல, சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பை நன்றாகக் கேட்டேன். தகரக் கூரைக்குக் கீழே கேட்ட அதே சிரிப்புத்தான்.

மலாவிக்காரப் பெண்மணிக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். வரும் மாதங்களில் தெற்கு மலாவியில் அடுத்த பயிற்சி. அதைப் பற்றிப் பேசத்தான் எடுப்பதாகச் சொல்லித் தொடங்கினேன். பிறகு தம்பியின் விசாரணையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"பிழை பிடித்து முடிந்த பிறகு என்ன செய்தீர்கள்?"

"ஆறு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்."

"அதன் பிறகுதானே எங்கள் வேலையே. 'அந்தப் படகில் நீ இருந்தால் என்ன கேட்டிருப்பாய், எதற்குப் பயந்திருப்பாய்' என்று வெயில் சாயும்வரைக்கும் பேசுவோமே. நீயும்தானே இருந்தாய்?"

இருந்தேன். அந்த நேரங்களில் அடுத்த கதைக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

"உங்கள் ஆட்களுக்கு முதல் பாதியே போதுமாக இருந்திருக்கிறது," என்றார். தெற்கு மலாவியில் இனிப் பேச்சை முதலிலும் பிழை பிடிப்பதைக் கடைசியிலும் வைத்துப் பார்ப்போமா என்று நான் அவசரமாகக் கேட்டேன். "முதலில் அந்த மனிதரிடம் செய்துபார். அதற்குப் பிறகு என்னுடைய போதகர்களிடம் வா," என்று சொல்லி அழைப்பை வைத்துவிட்டார்.

நேற்று தம்பியே அழைப்பு எடுத்தார். புது டெர்மின் வந்துவிட்டதாம். மொழிபெயர்ப்பாளரும் மாறுகிறாராம். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"என்னைப் பிழையாச் சொல்லப் பழக்குவீங்களோ?" என்று கேட்டார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் அதையே இன்னொரு தரம் கேட்டார்.

"ஓம்," என்றேன். "வாறன்."

சனிக்கிழமை அவருடைய அறைக்குப் போகிறேன். அண்ணைக்கும் அக்காவுக்கும் சொல்லவில்லை. அந்தக் கதையைச் சொல்லச் சொல்லப்போவதில்லை. அதில் இல்லாதவற்றை மட்டும் கேட்பேன். தெரியாது என்று சொல்லலாம், ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லலாம், அழலாம். அண்ணன் என்ன சொன்னார் என்பதை நான் கேட்கப்போவதில்லை; அது வந்தால் வரட்டும். வருமா என்று எனக்குத் தெரியாது. வழக்கறிஞரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது. வராவிட்டால் வழக்கு இல்லை என்பது மட்டும் தெரியும் என்றார். முதல் கேள்வியாக, அன்று மத்தியானம் வீட்டில் என்ன கறி என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். நண்டு என்று சொல்லிவிட்டுப் பிறகு கணவாய் என்றாலும், இரண்டையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அதை இப்போதிருந்தே பழகிக்கொண்டிருக்கிறேன்.