தடுப்பணைக்கு ஒரு ஆத் கோட்

இணையத்தில் கடைக்கு ஒரு பெயர் வாங்கினால், அதை ஏதாவதொரு பதிவு நிறுவனத்தில்தான் குடிவைக்க வேண்டும். அங்கே சரிப்படவில்லையா, வேறு நிறுவனத்துக்குக் குடிபெயரலாம். ஆனால் பழைய நிறுவனம் 'ஆத் கோட்' என்ற ரகசியக் குறியீட்டைக் கொடுத்தால்தான் பெயர் வாசலைத் தாண்டும். அப்படிப்பட்ட ஒரு வாசலில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவர்தான் நம்மவர். அலுவலகத்தில் அவருக்குத் 'தடுப்பணை' என்று பெயர்.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. கோட் கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் என்ன பேசவேண்டும் என்பதை எழுதிவைத்த மகான் அவரே. முதலில் குடும்ப நலம் விசாரிக்க வேண்டும். பிறகு மனம் உடைந்த குரலில் "எங்ககிட்ட என்ன குறை?" என்று கேட்க வேண்டும். அதற்கும் மசியாதவர்களுக்கு ஒரு வருடத் தள்ளுபடி. கடைசியாக, "போற வழியில பேரு தொலைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனம்தான் அவருடைய வாழ்நாள் சாதனை. மறுமுனையில் இருப்பவர் கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு, "சரி, இன்னும் ஒரு வருஷம் பாக்கறேன்" என்று தானாகவே இறங்கிவருவார். மற்றபடி எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதர்.

மனைவி வீட்டு முன்னறையில் துணிப்பை தைத்து விற்கிறார். கடைக்கான பெயரைக் கல்யாண நாள் பரிசாக, ஊழியர் சலுகையில், தன் பெயரிலேயே பதிந்து தந்தவர் தடுப்பணை. ஆனால் நிறுவனத்தின் சர்வர் அடிக்கடி படுத்துவிடும். அது படுத்தால் கடையும் படுத்துவிடும். இந்த வாரம் ஒரு பள்ளிக்கூடம் மொத்தமாகப் பை வாங்க விரும்பி, தளத்தைத் திறந்து பார்த்து, ஒன்றும் வராததால் கடையை மூடிவிட்டார்கள் என்றே முடிவுகட்டிவிட்டது.

"இதப் பாருங்க, இன்னொரு தடவ கட காணாமப் போச்சுன்னா தைக்கறதுக்கு எனக்கு ஆர்டரே இருக்காது. வேற கம்பெனிக்கு மாத்துங்க."

"என் சீட்லருந்து நானே என் கோட எடுக்கக் கூடாதும்மா. ரூல் அப்படி."

"யாரு போட்ட ரூலு?"

தடுப்பணை சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு லீவு போட்டுவிட்டு, வாடிக்கையாளராகத் தன் அலுவலகத்துக்கே போன் செய்தார். எடுத்தது பக்கத்து சீட்டு அம்மாள்.

"அண்ணே, நீங்களா! பேச்செல்லாம் ரெக்கார்டு ஆகுது. நீங்க எழுதினத ஒரு வரி விடாமக் கேட்டாகணும். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"எங்ககிட்ட என்ன குறை?"

தான் எழுதிய வரி இவ்வளவு உருக்கமாக இருக்கும் என்று அவரே நினைத்ததில்லை. தள்ளுபடி என்றதும் "அட, பரவாயில்லையே" என்றார். "பேரு தொலைஞ்சுட்டா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் மௌனமானார். தடுப்பணைக்கு வியர்த்தது. "சரிம்மா, இன்னும் ஒரு வருஷம்..." என்று ஆரம்பித்தபோது போன் கையில் இல்லை.

மனைவி பிடுங்கியிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தைக்கத் தொடங்கினார். ஒரு பைக்குக் கைப்பிடி வைத்தாயிற்று, அடுத்த பைக்கு விளிம்பு மடித்தாயிற்று. மௌனத்தோடு மௌனம் மோதியது.

"ஐயோ அண்ணி, மெஷின் சத்தமே நீங்கதான்னு சொல்லுது. தோத்துட்டேன்!" என்று போன் கத்தியது. "ஆனா பேரு அண்ணன் பேர்ல இருக்கு. குடுன்னு அவரு வாயால சொல்லணும்."

மனைவி நிமிர்ந்து கணவரைப் பார்த்தார், அவ்வளவுதான். மேசை மேல் யாரும் கேட்காத பைகள் அடுக்கியிருந்தன. தடுப்பணை அவற்றைப் பார்த்தார்.

"குடுத்துடும்மா. பேருதான் என் பேர்ல இருக்கு. கட அவளோடது."

"அண்ணே, தள்ளுபடி..."

"குடும்மா!"

அந்த வாயிலிருந்து அப்படியொரு அதட்டல் வந்ததை நிறுவனத்தின் ஒலிப்பதிவு பத்திரமாக வைத்திருக்கிறது. கோட் வந்தது. மனைவி அதைப் புதிய நிறுவனத்தின் பக்கத்தில் தானே போட்டார்.

"ஓனர் யாருன்னு கேக்குது."

"உன் பேரப் போடு."

"அவசரத்துக்கு இன்னொருத்தர் நம்பர் கேக்குதே?"

"என் நம்பர்தான், வேற யாரு?"

"வேணாம். புதுக் கம்பெனிக்காரங்க கூப்பிட்டா, எங்ககிட்ட என்ன குறைன்னு ஆரம்பிச்சுடுவீங்க" என்றார் மனைவி. சொல்லிக்கொண்டே அவருடைய எண்ணைத்தான் போட்டார்.