பூச்சிக்குப் பவுடர் பூசும் அத்தை

உலகத்தில் இதுவரை பிறந்த தையல்காரர்களில், சில்வண்டுக்குப் பவுடர் பூசிவிடுவதில் என் அத்தையை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

வெளியூருக்குப் படிக்கப் போன அவள் மகள், "நான் வர்றதுக்குள்ள இதோட கால் வளைஞ்சிடக் கூடாதும்மா" என்று தன் ஓணான் குட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனாள். துணிகளை மொத்தமாக வெட்டிவைத்துத் தைக்கிற பழக்கத்தில், அத்தை காலையிலேயே அதற்குத் தீனியான அன்றைய பூச்சிகளுக்கெல்லாம், எலும்புக்கு வலுவூட்டும் கால்சியம் பவுடரைப் போட்டுவைத்தாள். மாலைக்குள் அவை உடம்பைத் துடைத்துக்கொண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தன. சில வாரங்களில் குட்டியின் கால் நடுங்கத் தொடங்கியது.

"பவுடர் போட்ட கையோட ஊட்டணும்மா" என்றார் கால்நடை மருத்துவர். அன்றிலிருந்து அத்தை ஒவ்வொரு வேளையும் மிஷினை நிறுத்திவிட்டு, பூச்சியையும் பவுடரையும் பையில் போட்டுக் குலுக்குகிறாள்.

மகள் போனில் முதலில் விசாரிப்பது ஓணானின் காலைத்தான். அவள் வைத்த பிறகும் அத்தை போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டாள்.

"எனக்கும் கொஞ்சம் பவுடர் பூசிவிடுங்க அத்தை" என்று நான் வம்பிழுப்பேன்.

நேற்று நூல் வாங்கப் போய்த் தாமதமாகத் திரும்பியவள், ஓணானின் உப்பிய வயிற்றைப் பார்த்து, "இதுக்கு யாருடி ஊட்டினது?" என்றாள்.

"எனக்கென்ன தலையெழுத்தா?"

என் கறுப்புச் சட்டையிலிருந்த வெள்ளை விரல் தடங்களை அத்தை மெல்லத் தட்டிவிட்டாள்.

"நீயும் அவளைத் தேடுறியாடி?"