டாக்டர் சொல்வார்

படக்காரம்மா என்றதும் சினிமாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் எடுத்ததெல்லாம் எக்ஸ்ரே படம். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், நடைபாதை முடிகிற கோடியில், ஜன்னலே இல்லாத அறையில் முப்பத்து நாலு வருஷம் எடுத்தார். "தாடையை மேல தூக்குங்க. தோளை முன்னாடி கொண்டாங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க... பிடிங்க... விடலாம்." இதைத் தூக்கத்திலும் சொல்வார் என்று அவர் புருஷன் இருந்த காலத்தில் புகார் சொல்வதுண்டு. ஊரில் பாதிப் பேரின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது, விலா எலும்பு ஞாபகம் இருக்கும்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. படத்தில் என்ன தெரிந்தாலும் வாய் திறக்கமாட்டார். சட்டமும் அப்படித்தான், படம் எடுப்பவர் எடுக்க வேண்டும், டாக்டர் சொல்ல வேண்டும். ஆனால் சட்டத்துக்குப் பயந்து அல்ல. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு லாரி டிரைவர், "எப்படிம்மா இருக்கு?" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். இவருக்குச் சின்ன வயசு, இளகின மனசு. "சுத்தமா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷன் அதையே டாக்டர் வாக்காக எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்கு நிற்காமல் லோடு ஏற்றப் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து ஸ்ட்ரெச்சரில் வந்தார். கழுத்தடிக் காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த நிழலை அன்றைக்கு இவர் கண் பார்க்கவில்லை.

அதோடு வாயைப் பூட்டிக்கொண்டார். யார் கேட்டாலும் ஒரே பதில்: டாக்டர் சொல்வார். கட்டின புருஷனே கால் ஒடிந்து வந்து, எலும்பு இரண்டாக நிற்பது வாசலில் பெருக்குகிறவருக்கே தெரிந்தபோதும், "டாக்டர் சொல்வார்" என்றார். அந்த மனுஷன் வலியிலும் சிரித்தாராம்.

ஓய்வு பெறுவதற்கு நான்கு நாள் முன்னால் டெய்லரம்மா வந்தார். இருவரும் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு, முப்பது வருஷப் பழக்கம். வாடி போடி என்கிற உரிமை. டெய்லரம்மா பரணிலிருந்து துணி மூட்டையை இறக்கும்போது ஸ்டூல் சாய்ந்து விழுந்திருக்கிறார். வலது பக்கம் குத்துகிறது, மூச்சு விட்டால் இழுக்கிறது. விலா முறிந்திருக்குமோ என்று படம் எடுக்க எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

விலா முறியவில்லை. ஆனால் வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு. பொத்தான்தானோ என்று படக்காரம்மா ஒரு நிமிடம் ஆசையாக நினைத்தார், அப்படி ஏமாற்றும் பொத்தான்களை எத்தனையோ பார்த்தவர். திரும்பிப் பார்த்தார். டெய்லரம்மா உடுத்தியிருந்தது ஆஸ்பத்திரி அங்கி. முதுகில் நாடா. பொத்தானே கிடையாது.

"என்னடி, ஒடஞ்சிருக்கா?"

"டாக்டர் சொல்வார். நாளைக்கு ரிப்போர்ட் வந்துடும், வாங்கிக்கிட்டுப் போய்ப் பாரு."

எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில் சொல்ல வேண்டும் என்று பாடுபட்டுச் சொன்னார். ஆனால் கை கேட்கவில்லை. வாசல்வரை வந்து டெய்லரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கத்தில் இல்லாத வழக்கம்.

இரண்டு நாள் கழித்து டெய்லரம்மா கையில் மருந்துப் பையோடு, தலையைக் குனிந்துகொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போவதைப் படக்காரம்மா பார்த்தார். டாக்டர் சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டார். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம், சொல்லவில்லையா, அது அவள் விருப்பம். இப்படி ஒரு முடிவோடுதான் படக்காரம்மா தன் ஓய்வுக் காலத்துக்குள் காலடி வைத்தார்.

அந்தக் கோடை முழுக்க ஊர் சுற்றினார்கள். கூட்டிப்போனவர் கண்டக்டர், அதே கட்டிடத்தின் கீழ்வீட்டுக்காரர், இரண்டு வருஷம் முன்னால் ஓய்வு பெற்றவர். புதன்கிழமை தோறும் ஒரு பஸ், அதன் கடைசி நிறுத்தம்வரை. "இந்த ஊரை நான் அறுபதாயிரம் தடவை சுத்தியிருக்கேன், ஒரு தடவைகூட இறங்கினதில்ல" என்பார். ஏரி, அருங்காட்சியகம், பழைய கலங்கரை விளக்கம், பூங்கா என்று வாரம் ஒன்றாக இறங்கினார்கள். பஸ் காலியாக இருந்தாலும் அவர் உட்காரமாட்டார். பின்படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இறங்குமுன் தலையை எண்ணுவார். இரண்டே தலை, அதையும் விரலை நீட்டி எண்ணுவார்.

டெய்லரம்மா எதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் மிஷினை விட்டு எழுந்திருக்காதவர், இப்போது ஆறு மணிக்கே செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்றார். படகில் ஏறினார். குழந்தைகளோடு வரிசையில் நின்று ராட்டினத்தில்கூட ஏறினார். மிச்சத் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி யார் யாருக்கோ கொடுத்தார். ஒவ்வொன்றையும் படக்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடப் பார்க்கிறாள், பெரிய மனுஷி, ஒரு வார்த்தை சொல்லி யாரையும் கலங்க வைக்கவில்லை என்று நினைத்து நினைத்து உருகினார். ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார். பையைத் தூக்கிக்கொண்டார்.

"ரிட்டயர் ஆனதும் உனக்கு மனசு ரொம்ப இளகிப்போச்சுடி" என்று டெய்லரம்மா கிண்டல் செய்தார்.

கலங்கரை விளக்கத்தில் நூற்றுச் சொச்சம் படி. பாதியில் டெய்லரம்மா சுவரில் சாய்ந்து இருமினார். வறட்டு இருமல், நிற்க நேரமாயிற்று.

"என்ன டெய்லரம்மா, வண்டி மேட்டுல திணறுதே?" என்றார் கண்டக்டர்.

"முப்பது வருஷப் பஞ்சும் நூலும் உள்ள போயிருக்கு. கொஞ்சம் வெளிய வரட்டும்."

கண்டக்டர் சிரித்தார். படக்காரம்மாவால் சிரிக்க முடியவில்லை. வைத்தியம் எங்கே பார்க்கிறாய் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால், நான் பார்த்தேன் என்று ஆகிவிடும். டெய்லரம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

திங்களும் வெள்ளியும் படக்காரம்மா ஆஸ்பத்திரி உதவி மேசையில் உட்கார்ந்தார். சம்பளமில்லாத வேலை. எந்த அறைக்கு எப்படிப் போவது, எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது என்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத ஜென்மம். டெய்லரம்மாவையும் இழுத்துவிட்டிருந்தார். எக்ஸ்ரே அறை அங்கிகள் நைந்துபோய் நாடா அறுந்து கிடக்க, டெய்லரம்மா வீட்டிலிருந்தே ஒரு டஜன் புதிதாகத் தைத்துக் கொடுத்தார். "பொத்தான் வேண்டாம், நாடாதானே?" என்று கேட்டுத் தைத்தார். அந்தக் கேள்வி படக்காரம்மாவைக் குத்தியது, கேட்டவருக்கு அது தெரியாது.

படம் எடுத்துப் பதினோராவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட் கொடுக்கும் பெண் விடுப்பில் போயிருந்தாள். சிஸ்டர் வந்து, "அக்கா, அலமாரி பிதுங்குது. ரெண்டு மாசம் தாண்டியும் யாரும் வாங்காத படத்தையெல்லாம் எடுத்து வச்சிடுங்க, கீழ ரூமுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

படக்காரம்மா உறை உறையாக எடுத்துத் தேதி பார்த்து அடுக்கினார். வாங்கிக்கொள்ளாதவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே அடுக்கினார். நாற்பதோ நாற்பத்தைந்தோ இருக்கும், அதில் ஒரு உறையில் தன் கையெழுத்தைப் பார்த்தார். கீழே டெய்லரம்மாவின் பெயர். ஒட்டின நாடா ஒட்டினபடியே இருந்தது.

பிரித்தார். ரிப்போர்ட்டில் விலா எலும்பைப் பற்றி ஒரு வரி. அடுத்த வரியில் வலது மேல் நுரையீரலில் ஒரு நிழல் என்றும், தாமதிக்காமல் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்றும் டைப் அடித்திருந்தது. 'தாமதிக்காமல்' என்பதன் கீழே டாக்டர் பேனாவால் கோடு வேறு போட்டிருந்தார்.

அவளுக்குத் தெரியாது. படகும் ராட்டினமும் கலங்கரை விளக்கமும் விடைபெறல் அல்ல. அவள் சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து, பையைத் தூக்கி, முதுகைத் தடவி, எழுபத்தைந்து நாளைத் தின்றது தான்தான். உறையை எடுத்துக்கொண்டு, சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

டெய்லரம்மா மிஷினில் இருந்தார். தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். படக்காரம்மா உட்காரவில்லை. நின்றபடியே ரிப்போர்ட்டை முழுக்கப் படித்துக் காட்டினார். மிஷின் நிற்கவில்லை. தையல் ஓரம்வரை ஓடி முடிந்தது. டெய்லரம்மா நூலைப் பல்லால் கடித்தார்.

"இதை ஏன்டி நீ வாங்கல?" என்றார் படக்காரம்மா. கேட்கக் கூடாத கேள்வி, முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"வலிதான் போயிடுச்சே. அப்புறம் எதுக்கு?"

"மருந்துப் பையோட உன்னைப் பாத்தேனே, ஆஸ்பத்திரி வாசல்ல."

"தைலம் வாங்க வந்தேன். நம்ம வீட்டு எதிர்க்கடையில இல்ல."

"நான் டாக்டரைப் பாருன்னு சொன்னேன்ல."

"அதை நீ எல்லாருக்கும்தானே சொல்லுவ." டெய்லரம்மா தலையணை உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நீ கையைப் புடிச்ச. ஒண்ணுமில்லடின்னு சொல்ல வாய் வராம, கையைப் புடிச்சுச் சொல்றன்னு நெனச்சேன். ஏதாவது இருந்தா எங்கிட்டகூடச் சொல்லாம இருப்பியா நீ?"

லாரி டிரைவர் கதையைச் சொல்லலாம். சட்டத்தைச் சொல்லலாம். இரண்டும் அந்த அறையில் எடுபடாது. "தப்புடி. என் தப்பு" என்றார். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"நீ இப்ப போ" என்றார் டெய்லரம்மா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நான் தனியா இருக்கணும்."

சனிக்கிழமை விடிந்ததும் படக்காரம்மா மாடிப்படியில் வந்து நின்றார். புதன் அல்ல, வேறெங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. கீழே கண்டக்டர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டெய்லரம்மா வெளியே போகிற சேலையில் இருந்தார், கையில் அந்த உறை.

"கண்டக்டர், ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் சீக்கிரம் போகும்?"

அவர் இருவர் முகத்தையும் பார்த்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் டெய்லரம்மாவே இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். அன்றைக்கு மட்டும் கண்டக்டர் நிற்காமல் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்.

பழைய படம் பதினோரு வாரப் பழசு, புதிதாக எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோடி அறையில் இப்போது படம் எடுப்பது புதிதாகச் சேர்ந்த பெண். கதவு சாத்தி, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் படக்காரம்மா உட்கார்ந்ததே இல்லை. பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும் என்பதுகூட அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று உள்ளே குரல் கேட்டது. வெளியே இவரும் இழுத்துப் பிடித்தார்.

டெய்லரம்மா தான் தைத்த அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். டாக்டர் வர இன்னும் முக்கால் மணி நேரம். அந்தப் பெண் உறையைக் கொடுத்து, வழக்கமான அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே படக்காரம்மாதான்.

டெய்லரம்மா புதுப் படத்தை உருவி நீட்டினார். "இந்தா. நீ சொல்லு."

"டாக்..." என்று நாக்கு தானாகவே எழும்பியது. படக்காரம்மா அதை விழுங்கினார். இரண்டு படத்தையும் நடைபாதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கண்டக்டர் வந்து ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இது விலா. ஒண்ணும் ஆகல. இது இதயம், நல்லா இருக்கு. இந்தப் பக்கம் சுத்தம். இங்கதான், மேல, வெள்ளையா இருக்கு பாரு. நான் டாக்டர் இல்ல, இது என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா இருக்கு. அன்னைக்கும் இருந்துச்சு."

"அன்னைக்கு எந்த அளவு?"

"சட்டைப் பொத்தான்."

டெய்லரம்மா ஊசியில் நூல் கோர்ப்பவர் போல ஒரு கண்ணை மூடி, புதுப் படத்துக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இப்ப கோட்டுப் பொத்தான்" என்றார் படக்காரம்மா.

டெய்லரம்மா பெஞ்சில் உட்கார்ந்தார், அது ஆடி நின்றது. பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"சரி, சொல்லிட்ட. இப்ப கையைப் புடி" என்றார்.