குழாயடியில் குளித்த அண்ணன்

ஊரில் பச்சைமுத்துவின் வீட்டில் ஆறு அறைகள். அதில் மூன்று சும்மாதான் கிடந்தன. இனாமாகக் குடியிருக்கச் சொன்னாலும், திருப்பத்தூருக்கு அப்பால் அந்த மேட்டாங்காட்டுக்கு எவன் வருவான்? அந்த வீட்டுப் பிள்ளைதான் பெங்களூரில், லிங்கராஜபுரத்தில், நிமிர்ந்தால் தலை ஓட்டில் இடிக்கிற ஒற்றை அறைக்குச் சம்பளத்தில் பாதியைக் கொட்டிக்கொண்டிருந்தான். மரச்சாமான் கடையில் பாலிஷ் போடும் வேலை. யார் யார் வீட்டுக் கட்டிலையெல்லாமோ பளபளவென்று ஆக்கியவன் படுத்தது பாயில். காலை நீட்டினால் அடுப்பு.

இதை ஊரில் எந்த முகத்தோடு சொல்வது? "தனி வீடுதான், தோட்டம்கூட இருக்கு" என்று போகும்போதெல்லாம் அளந்தான். அளந்ததோடு நிறுத்தினானா? "ஒரு தடவை வாங்கண்ணே" என்று அழைத்தும் வைத்தான்.

1958இல் அண்ணன் அய்யாவு கேழ்வரகு மூட்டையோடு வந்தே விட்டார். அப்பா போன பிறகு பச்சைமுத்துவைத் தோளில் போட்டு வளர்த்தவர். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "காத்தாட இங்கயே படுத்துக்கறேன்டா" என்று நடையில் துண்டை விரித்தார்.

வீட்டுக்காரி சந்திரம்மா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். உறவுக்காரர் வந்து தங்கினால் அறையைக் காலி செய்ய வேண்டும். கூடுதல் அட்வான்ஸோடு ஆட்கள் தெருத்தெருவாக வீடு தேடிய காலம் அது. இதை அண்ணனிடம் சொல்லிவைக்கப் பச்சைமுத்துவுக்கு வெட்கம். சொல்லாமலே விட்டான்.

விடிந்ததும் அய்யாவு பொதுக் குழாயடியில் உட்கார்ந்து, கிணற்றடியில் குளிப்பதுபோல வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். குடத்தோடு காத்திருந்த பெண்கள் கூச்சல் போட, சந்திரம்மா வெளியே வந்தாள்.

"நோடப்பா, இங்க பாரு பச்சைமுத்து! யாரு இந்த ஆளு? உன் சொந்தமா?"

கதவோரம் அவன் மனைவி சின்னத்தாயி நிறைமாத வயிற்றோடு நின்றாள். இந்த அறையும் போனால் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"சொந்தமெல்லாம் இல்லம்மா," என்றான் பச்சைமுத்து. "எங்க நிலத்துல வேலை செய்யற ஆளு. மூட்டை கொண்டாந்தான். இப்பப் போயிடுவான்."

சொன்ன வாய் அவனுக்கே அருவருத்தது.

அய்யாவு முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு எழுந்தார். "ஆமாங்கம்மா. மூட்டைய எறக்கிட்டேன், கெளம்பறேன்."

ஈர வேட்டியோடே நடந்தார். "போய் பஸ்ஸாவது ஏத்தி விடுங்க" என்று சின்னத்தாயி அழுதாள். சந்திரம்மா இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். பச்சைமுத்துவுக்குக் கால் எழவில்லை. அறை தப்பியது.

பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு ஊருக்குப் போனார்கள். அண்ணன் திட்டுவார், நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டே போனான். அய்யாவு குழந்தையை வாங்கி உச்சி மோந்தார். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "பெங்களூர் போனியே, தம்பி வீடு எப்படி?" என்று கேட்டார்.

"தனி வீடுப்பா, தோட்டம்கூட இருக்கு," என்றார் அய்யாவு. "குழாயத் திறந்தா தண்ணி கொட்டுது. ஆசை தீரக் குளிச்சிட்டு வந்தேன்."

பச்சைமுத்து செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான். வெகுநேரம் நிமிரவில்லை.